"ஆர்வம் குறைவு"

போன சனிக்கிழமை எங்கள் சங்கத்தில் கல்வி உதவிநிதிக்கான நேர்காணல் நடந்தது. சங்கத்தின் பெயர் வேண்டாம். குழுவில் நானும் ஒருவன், திட்டு விழுந்தால் எனக்கும் சேர்த்துத்தான்.

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வில் வேதியியலில் ஏ1, அதாவது ஆக உயர்ந்த தரம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதிப் பொறியியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் சேர்ந்திருப்பதோ வணிகப் படிப்பில்.

"ஏம்மா, வேதியியல் பிடிக்கவில்லையா?"

"ரொம்பப் பிடிக்கும் அங்கிள். ஆனால் அதில் வாரத்துக்கு எத்தனை லேப் என்று சீனியர் அக்காவிடம் கேட்டேன். சாயங்கால வேலைக்குப் போக முடியாது என்றார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழு உறுப்பினர் படிவத்தில் "ஆர்வம் குறைவு" என்று எழுதினார். அந்த இரண்டு சொல் ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை.

நம் ஊரில் ஏழைப் பிள்ளையின் படிப்பு என்றதும் எல்லார் நினைவும் கட்டணத்துக்குப் போகிறது. உண்மையில் அந்தப் பாதை ஓரளவு செப்பனிடப்பட்டுவிட்டது. 2020இல், மிகக் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு அரசாங்க உதவிநிதி, பல்கலைக்கழகத்தின் பொதுவான பட்டப்படிப்புக் கட்டணத்தில் 75 விழுக்காடு வரையும் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயக் கட்டணத்தில் 95 விழுக்காடு வரையும் ஏற்கத் தொடங்கியது. பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு 90 விழுக்காடு வரை கடனும் கிடைக்கும், படித்து முடிக்கும்வரை வட்டி இல்லை. இதற்கு மேல் 1991இல் தொடங்கிய சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், இருக்கிறது. அதற்காக என் சம்பளத்திலும் மாதாமாதம் ஒரு தொகை கழிகிறது, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

கட்டணத்துக்கு வழி உண்டு. நேரத்துக்கு?

வணிகம் படிக்கும் பிள்ளை விரிவுரைப் பதிவை இரவு வேலை முடிந்து வந்து கேட்டுக்கொள்ளலாம். ஆய்வகத்தை வீட்டுக்குத் தூக்கிவர முடியாது. மூன்று மணி நேரம் நின்றே ஆக வேண்டும். வீடு திரும்பியதும் அறிக்கை எழுத வேண்டும். கலவை தவறிப்போனால் மறுபடியும் முதலிலிருந்து. வேலைப் பயிற்சிப் பருவம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். பகல் முழுவதும் அங்கே போய்விடும், கையில் வரும் படிக்காசு பகுதிநேரச் சம்பளத்துக்கு ஈடாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எனக்கு இது கேள்விஞானம் இல்லை. 1994இல் மின்னணுவியல் படித்தபோது இரவில் ஒரு மளிகைக் கடைக் கிடங்கில் மூட்டை அடுக்கினேன். ஒரு நாள் காலை ஆய்வகத்தில் மின்னலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் முன் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் பச்சை அலை அழகாக நிற்கிறது. அடுத்த கணம் என் நெற்றி குமிழில் இடித்து, அலை கலைந்து, வெறும் பச்சைக் கோடாகிவிட்டது. என் கூட்டாளி, ஒரு சீனப் பையன், ஒன்றும் சொல்லாமல் குமிழைத் திருப்பிச் சரிசெய்தான். அன்று நான் சமர்ப்பித்த அளவீடுகள் அவனுடையவை. தேர்ச்சி பெற்றுவிட்டேன். அந்தப் பாடம் இன்றும் எனக்குப் புரியாது.

இந்தப் பெண் வாரம் இரண்டு முறை, ஆறு ஆறு மணி நேரம், ஒரு துரித உணவுக் கடையில் நிற்கிறாள். மணிக்கு 10 வெள்ளி (டாலர்). வாரம் 120, பதினாறு வாரப் பருவத்துக்கு 1,920. எங்கள் சங்கம் கொடுப்பது 500. நாலே வாரத்தில் தீர்ந்துவிடும். அதை வாங்க அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்து, மேடையில் அட்டைக் காசோலையைப் பிடித்தபடி படத்துக்கு நிற்க வேண்டும். அம்மா அன்று வேலைக்கு மட்டம் போட வேண்டும். (அந்த அட்டைக் காசோலை அச்சடிக்க எவ்வளவு ஆகிறது என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.)

40 பேருக்கு 500 என்றால் 20,000 வெள்ளி. அதே பணத்தில் ஏறக்குறைய பத்துப் பேருடைய ஒரு பருவத்து மாலைப் பொழுதுகளை மீட்டுக் கொடுக்கலாம். மாதாமாதம் வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம், மேடை வேண்டாம். மீதி முப்பது பேர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும். ஆனாலும் ஆய்வகம் உள்ள படிப்புகளுக்கு மட்டுமாவது இப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அரசாங்க உதவிநிதிக்குக் குடும்பத்தின் மொத்த வருமானத்தை வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிறார்கள். தேசிய சேவை என்னும் கட்டாயப் பணியை முடித்த அண்ணன் வேலைக்குப் போனதும் அந்த எண் ஏறிவிடும், உதவி குறைந்துவிடலாம். அவன் முதல் சம்பளத்தில் பழைய கடனை அடைக்கிறானா, தங்கைக்குக் கொடுக்கிறானா என்று அந்த வகுத்தலுக்குத் தெரியாது. சங்கங்களின் சில நூறு வெள்ளி உண்மையில் தேவைப்படுவது இந்த இடைவெளியில்தான்.

நேற்று அந்தப் பெண்ணின் படிவத்தைக் கேட்டு வாங்கி, "ஆர்வம் குறைவு" என்பதை அடித்துவிட்டு, "மாலை வேலை, வாரம் 12 மணி நேரம்" என்று எழுதினேன். இன்று காலை செயலாளர் அழைத்தார்.

"அண்ணே, நீங்கள் எழுதியதைக் கணினியில் ஏற்ற முடியவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை."