டாக்டர் எழுதின மாத்திரையும் பழகும்ங்க

மேலே ஒருத்தர், "டாக்டர் சீட்டுல எழுதின மாத்திரைக்கு யாரும் அடிமையாக மாட்டாங்க, போதைக்கு வாங்குறவன்தான் மாட்டுவான்"னு அடிச்சுச் சொல்லியிருக்கார். அது சரியில்லைங்க.

பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் தர்ற அல்பிரசோலம் மாதிரி மாத்திரையைத் தினமும் போட்டா, சில வாரத்துலயே உடம்பு பழகிடலாம். அதே அளவு பத்தாமப் போகும். ஒருநாள் விட்டா படபடப்பு, கை நடுக்கம், பொட்டுத் தூக்கம் வராது. பழைய வியாதி திரும்பிடுச்சுன்னு நெனச்சு மறுபடி போடுவாங்க. போதை ஆசையே இல்லாதவங்க மாட்டுறது இப்படித்தான்.

நம்ம சேலம் அம்மாபேட்டை பக்கம் தறியில ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு, பகல்ல தூக்கம் வராம தவிக்கிறவங்க கொஞ்சமா? பத்து நாளைக்கு எழுதின சீட்டை, மடிப்பு கிழியுற வரைக்கும் பர்ஸ்ல வெச்சு, அதைக் காட்டியே மாசக்கணக்கா வாங்குறவங்க உண்டு. அல்பிரசோலம் அட்டவணை எச்1 மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாத பட்டியல்ல இருக்கு. விற்கிறவர் டாக்டர் பேர், நோயாளி பேர் எழுதி 3 வருஷம் பதிவேடு வெச்சிருக்கணும். (எத்தனை மெடிக்கல்ல எழுதறாங்கங்கறது வேற கதை.) வலிக்கு டாக்டர் எழுதுற டிராமடாலைக்கூட 2018-ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ளயே கொண்டுவந்தாங்க.

மேலே சொன்னவருக்குப் பதில் எழுதின இன்னொருத்தர், "மாத்திரையை இன்னைக்கே தூக்கிப் போடுங்க"ங்கறார். அது இன்னும் ஆபத்து. தூக்க மாத்திரையைச் சட்டுனு நிறுத்தினா வலிப்பே வரலாம். எழுதின டாக்டர்கிட்டயோ, நம்ம சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுலயோ கேட்டு, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். வாரக்கணக்காகும், சிலருக்கு மாசக்கணக்கும் ஆகும்.