தீராந்தி வாங்கு

(திருகோணமலை நகருக்குள் ஒரு தச்சுப்பட்டறை. ஓட்டோவின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த பழைய தீராந்தியைத் தம்பி இறக்குகிறார். தீராந்தி என்றால் கூரை தாங்கும் உத்தரம்; வாங்கு என்றால் பெஞ்ச்; ஓடாவி என்றால் தச்சர்.)

தம்பி: அண்ணை, அம்மம்மா வீட்டுத் தீராந்தி. அசல் முதிரை, 9 அடி. இதில ஒரு வாங்கு, ரெண்டு கதிரை, மிஞ்சினால் ஒரு சாமித்தட்டு.

ஓடாவி: அதிலயும் மிஞ்சினால் ஒரு வள்ளம் செய்யட்டோ? சுவருக்குள்ள இருந்த ரெண்டு தலைப்பும் உழுத்துப்போச்சு. அரை அரை அடி கழிச்சால் 8 அடி. 5க்கு 3 அங்குலம். 4 அடியாய் ரெண்டு துண்டு போட்டு, ஒவ்வொண்டையும் நடுவால பிளந்தால் 4 பலகை. சீவி முடிய ஒண்டேகால் அங்குலத் தடிப்பு நிக்கும். அதில மூண்டு பலகை இருக்கைக்கு. மற்றதை நெடுக்கப் பிளந்து 4 கால். இருக்கைக்குக் கீழ காலுகளை இணைக்கிற சட்டத்துக்கு வேற மரம் தேடு.

தம்பி: கதிரை?

ஓடாவி: மரத்தூளில.

தம்பி: சரி, மில்லுக்குக் கொண்டுபோய் அரிவம்.

ஓடாவி: பொறு. (பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு மரத்தை ஒட்டி நகர்த்துகிறார். ஓரிடத்தில் காந்தம் பக்கென்று சாய்கிறது.) பார், கறுத்த வளையம். உள்ள தலையில்லாத ஆணி. சுத்திவர மெல்லிய உளியால கொத்தி, குறடால இழுக்க வேணும். விட்டால் வாள் பல்லுப் போகும், மில்லுக்காரர் என்ர பல்லைக் கேட்பார். முகத்துக்கு மாஸ்க் போடு, முதிரைத்தூள் சிலருக்குச் சொறியும்.

தம்பி: அந்த மூலையில நிக்கிறது ஆற்ற வாங்கு?

ஓடாவி: உன்ரதான். நீ தந்த அளவில பெட்டிப்பலகையில மாதிரி. இரு பாப்பம்.

தம்பி: (ஏறி உட்கார்ந்து) கால் நிலத்தில முட்டேல்லையே!

ஓடாவி: 22 அங்குலம் எண்டு எழுதினனீ. எதை அளந்தனீ?

தம்பி: சாய்மனைக் கதிரையை... கை வரைக்கும்.

ஓடாவி: குந்துற இடத்தையெல்லோ அளக்கிறது! 17½ காணும். இனி பக்கவாட்டில ஆட்டிப் பார்.

தம்பி: ஆடுது. நிலம் பள்ளமாக்கும்.

ஓடாவி: வாங்கை அதே இடத்தில சுத்தித் திருப்பி வைச்சு ஆட்டு. நிலத்துப் பிழையெண்டால் ஆட்டம் அதே இடத்தில நிக்கும், கால் பிழையெண்டால் காலோட போகும். இது ரெண்டுமில்லை. சட்டம் 2 அங்குல அகலம், காலுக்குள்ள போற நாக்குக்குப் பிடி காணாது. மூண்டரையாக்க வேணும்.

தம்பி: மேல்பலகையைப் பசை போட்டு இறுக்கி ஒட்டிவிடுங்கோ.

ஓடாவி: மாரியில பலகை அகலத்தில ஊதும், வெயிலில சுருங்கும். அசைய விடாட்டி வெடிக்கும்.

தம்பி: அம்மம்மா காலத்து மரமெல்லோ, காஞ்சு முடிஞ்சுதே!

ஓடாவி: காஞ்சாலும் ஈரக்காத்தைக் குடிக்கும். சட்டத்தில நீளத்துளை போட்டு பித்தளைத் திருகாணி பூட்டுவன். இந்த உப்புக்காத்துக்கு இரும்பு சரிவராது.

தம்பி: ஐயோ அண்ணை, வாசலில மான்! அளவு எழுதின கடதாசியைத் தின்னுது!

ஓடாவி: தின்னட்டும். அதில 22 எண்டுதானே கிடக்கு.

தம்பி: இவ்வளவு கரைச்சலுக்கு, கடையில ஒரு வாங்கு வாங்கலாம் போல.

ஓடாவி: வாங்கு, தாராளமாய் வாங்கு. தீராந்தியை மட்டும் திருப்பி ஏத்தாதை.