ஆக்களுக்கான கணக்கு

2025 ஓகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. ரணில் விக்கிரமசிங்க கைது என்று செய்தி வந்ததும் எங்கள் ஒழுங்கையில் நாலைந்து பேர் ஒரே போனைச் சுற்றி நின்றோம். ஜனாதிபதியாக இருந்த ஒருவரை இந்த நாட்டில் கைது செய்தது அதுதான் முதல் தடவை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி வேலியடிக்கு வந்தார்.

"ஏன் பிள்ளை அவரைப் பிடிச்சவை?"

"லண்டன் பக்கம் சொந்த அலுவலாப் போன பயணத்துக்கு அரசாங்கக் காசு எடுத்தவர் எண்டு வழக்கு மாமி. 1 கோடியே 66 லட்சமாம்."

"காசுக்கோ?" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப ஆக்களுக்குக் கணக்கு எப்ப கேப்பினம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாமியின் மூத்தவன், போர் முடிந்த 2009 மே 18 இல் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம் தாண்டியபிறகு இராணுவத்திடம் பதிவுக்குப் போனவன். ஒரு நாள் புலிகள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் பதியுங்கள், பதிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மாமிதான் அவனைக் கையில் பிடித்துக்கொண்டுபோய் வரிசையில் விட்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பஸ்ஸில் ஏற்றியதைப் பார்த்தேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. அவருக்கும் இன்றுவரை தெரியாது.

ரணில் 4 நாளில் பிணையில் வந்துவிட்டார். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, அவர் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் மாமி கேட்டது எனக்குள்ளேயே நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதவியை விட்டு இறங்கிய தலைவர்கள் சட்டத்தின் முன் நிற்கத்தான் வேண்டும். காசுக்கும் நிற்க வேண்டும், ஆட்களுக்கும் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு இந்த நாடு பொறுப்புக்கூறலை நிறைவேற்றிவிட்டது என்று யாரும் எங்களிடம் வந்து சொல்லக்கூடாது.

நான் எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் 3 வருடம் பொருளாளராக இருந்தேன். புது நிர்வாகத் தெரிவு நடந்த அன்று காசேடு, வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டுக் கட்டு எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். 340 ரூபாவுக்குத் துண்டு இல்லை. கதிரை வாடகை என்று எனக்கு நினைவு இருந்தது, ஆனால் காட்ட ஒன்றும் இல்லை. அரை மணித்தியாலம் எல்லாருக்கும் முன்னால் நின்று பதில் சொன்னேன். கடைசியில் அந்தக் காசை நானே வைத்தேன். யாரும் என்னைக் கள்ளி என்று சொல்லவில்லை, நானும் என்னைப் பழிவாங்குகிறார்கள் என்று நினைக்கவில்லை. கமக்காரர் அமைப்பிலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் கோயில் நிர்வாகத்திலும் எங்களுக்குத் தெரிந்த முறை இதுதான். சாவியைக் கொடுக்கிறவர் கணக்கையும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம்.

சட்டமும் உண்மையில் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்குக் கொடுக்கிற விடுபாட்டுரிமை பதவியில் இருக்கும் காலத்துக்கு மட்டும்தான். பதவி போனால் அதுவும் போகும். அதே உறுப்புரையில் பலர் கவனிக்காத ஒரு விசயம் இருக்கிறது: வழக்குப் போடுவதற்குச் சட்டம் ஒரு கால எல்லை வைத்திருந்தால், அவர் ஜனாதிபதியாக இருந்த வருடங்களை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. 1978 இல் அதை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, இறங்கியபிறகு ஒருநாள் கேள்வி வரும் என்று.

2023 ஜனவரி 12 அன்று அது நடந்தும் காட்டியது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறியதற்காக, அந்த நேரம் ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன தன் சொந்தக் காசில் 10 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்தபோது அவர் ஜனாதிபதி இல்லை, அதனால் அவரையே எதிராளியாகப் போட முடிந்தது. அந்தத் தீர்ப்பை நான் மனதார வரவேற்றேன். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் வேதனை எனக்கு விளங்கும். அதே வருடம் நவம்பரில், பொருளாதாரம் விழுந்ததற்கு ராஜபக்ச சகோதரர்கள் கோட்டாபய, மகிந்த, பசில் உட்படப் பலர் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் வழக்குப் போட்டவர்களுக்குச் செலவுக்காசு மட்டும்தான் கிடைத்தது, ஆனாலும் பெயர் சொல்லி எழுதிய தீர்ப்பு.

ஆக, கொழும்பில் இது முடியும் என்று தெரிந்துவிட்டது. எங்களுக்கு ஏன் முடியவில்லை?

அடிப்படை உரிமை மீறல் மனுவை உரிமை மீறப்பட்ட நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அப்படிச் சொல்கிறது. 2009 மே 18 இல் இருந்து ஒரு மாதம் என்றால் ஜூன் 18. அன்றைக்கு நாங்கள் எங்கே இருந்தோம்? செட்டிகுளம் மெனிக் பாமில், முட்கம்பிக்கு உள்ளே. தண்ணீர் எடுக்க வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. சொந்தக்காரர் வந்தால் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக் கதைக்க வேண்டும். வெளியே போக அனுமதி இல்லாத சனம் கொழும்பு புதுக்கடைக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட்டிருக்க வேண்டுமா? அந்தக் கதவு எங்களுக்கு முன்னால் திறக்கவே இல்லை.

பிறகு ஆட்கொணர்வு மனு. முள்ளிவாய்க்காலில் கையளித்த உறவுகளைக் காட்டச் சொல்லி 2013 இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்குமாகத் தவணை தவணையாக அலைந்தார்கள். இந்த வழக்குகளில் எதிர்ப்பக்கத்தில் வந்து நிற்பது சட்டமா அதிபர் திணைக்களம். அரசாங்கத்துக்காக வாதாடுவதும் அவர்கள்தான், குற்றவாளிகளுக்கு எதிராக வழக்குத் தொடுக்க வேண்டியதும் அவர்கள்தான். ஒரே கை இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்கிறது. தனியான வழக்குத்தொடுநர் அலுவலகம் ஒன்று வராமல், பதவி இழந்த தலைவர் எவரையும் பற்றி நாங்கள் கதைப்பதில் பெரிய பயன் இல்லை என்பது என் அபிப்பிராயம். புதுச் சட்டங்களை எல்லாம்விட இதுதான் முதலில் வேண்டும்.

லலித், குகன் என்ற இரண்டு இளைஞர்களை நினைவிருக்கிறதா? காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு நின்று வேலை செய்தவர்கள், 2011 டிசம்பர் 9 இல் யாழ்ப்பாணத்தில் அவர்களே காணாமல் ஆக்கப்பட்டார்கள். அந்த வழக்கில் சாட்சி சொல்ல வரும்படி, அவர்கள் காணாமல் போனபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபயவை யாழ்ப்பாண நீதிமன்றம் அழைத்தது. சாட்சியாகத்தான், எதிரியாக அல்ல. பாதுகாப்பு இல்லை என்று சொல்லி அவர் வரவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம்வரை இழுபட்டது. எங்கள் ஊர்த் தாய்மார் 70 வயதில், சீனி வருத்தத்தோடும் முழங்கால் வலியோடும், விடிய 4 மணி பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்கும் போனவர்கள். அவர்களுக்கு யார் பாதுகாப்புக் கொடுத்தது?

சரி, மறுபக்கம் சொல்லும் நியாயங்களையும் பார்க்கவேண்டும். அதில் ஒன்று கனமானது. வருகிற ஆட்சி போன ஆட்சியைப் பழிவாங்க இதைப் பயன்படுத்தும் என்பது. அது வெறும் பயம் இல்லை, இங்கே நடந்தது. 1980 இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் ஆட்சி விசேட ஆணைக்குழு ஒன்றை வைத்து சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகளை 7 வருடத்துக்குப் பறித்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவர் நிற்கவே முடியவில்லை. 2010 இல் மகிந்தவை எதிர்த்துத் தேர்தல் கேட்ட சரத் பொன்சேகாவை, தேர்தல் முடிந்து இரண்டு கிழமையில் பிடித்து உள்ளே போட்டார்கள். எங்கள்மேல் போர் நடத்திய தளபதி அவர், அவருக்காக நான் கண்ணீர் விடவில்லை. ஆனால் அவருக்கு 2011 நவம்பரில் 3 வருடத் தண்டனை கொடுத்தது எதற்கு என்று பாருங்கள். போரின் கடைசியில் வெள்ளைக் கொடியோடு சரணடைய வந்தவர்களைக் கொல்லக் கட்டளை வந்தது என்று பத்திரிகையில் வந்த பேட்டிக்காக. பேட்டி கொடுத்ததற்குத் தண்டனை வந்தது. அந்தப் பேட்டியில் இருந்த விசயம் நடந்ததா, யார் கட்டளை போட்டது என்று எந்த நீதிமன்றமும் இன்றுவரை விசாரித்து முடிக்கவில்லை.

அதனால்தான் ஆணைக்குழுக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆட்சியில் இருப்பவர் நியமிக்கிறார், அறிக்கையும் அவர் மேசைக்கே போகிறது. சாதாரண மனிதருக்கு இருக்கிற அதே நீதிமன்றம், அதே சாட்சிச் சட்டம், அதே மேன்முறையீடு முன்னாள் ஜனாதிபதிக்கும் இருக்கட்டும். அதில் குறையும் வேண்டாம், கூடவும் வேண்டாம். 2025 நவம்பரில் பங்களாதேசில் ஷேக் ஹசீனாவுக்கு அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்தார்கள். அப்படி ஒன்று இங்கே வேண்டாம். எனக்கு யாரும் தூக்கில் தொங்க வேண்டியதில்லை. கூண்டில் ஏறி, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்.

இறங்கினால் சிறை என்று பயந்து தலைவர்கள் கதிரையை விடமாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். 2022 ஜூலை 13 அதிகாலை கோட்டாபய மாலைதீவுக்குப் பறந்தபோது அவர் இன்னும் ஜனாதிபதி. விடுபாட்டுரிமையோடுதான் போனார், சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தபிறகுதான் பதவி விலகல் கடிதம் வந்தது. செப்டெம்பரில் திரும்பி வந்து கொழும்பில் இருக்கிறார். பயமில்லாமல் இருக்க விட்டால் நல்லபடி ஆள்வார்கள் என்பதற்கு எங்கள் நாட்டில் நான் ஒரு உதாரணமும் காணவில்லை.

பேரு நாட்டின் அல்பேர்ட்டோ புஜிமோரியின் கதையைப் படித்தபோது அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பயங்கரவாதத்தை ஒழித்தவர் என்று அந்த நாட்டில் பாதிப்பேர் கொண்டாடிய ஜனாதிபதி. 2000 இல் யப்பானுக்குப் போய் அங்கிருந்து ஃபாக்ஸில் பதவி விலகினார். பிறகு சிலி நாட்டுக்கு வந்தபோது பிடிபட்டு, 2007 இல் பேருவுக்கு அனுப்பப்பட்டார். 1992 இல் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு பேராசிரியரையும் 9 மாணவர்களையும் கடத்திக் கொன்றது உட்பட்ட குற்றங்களுக்காக 25 வருடத் தண்டனை. தீர்ப்பு வந்த நாள் 2009 ஏப்ரல் 7.

அந்தத் திகதியைப் பார்த்ததும் எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு நான் புதுமாத்தளனில் தறப்பாளுக்குக் கீழே வெட்டிய பங்கருக்குள் இருந்தேன். கஞ்சி வாங்கப் போன தம்பி திரும்பி வருவானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தின் மறுபக்கத்தில், தன் நாட்டுச் சனத்தைக் கொன்றதற்காக ஒரு முன்னாள் ஜனாதிபதி நீதிமன்றத்தில் தீர்ப்பைக் கேட்டிருக்கிறார். அந்த மாணவர்களின் தாய்மார் 17 வருடம் விடாமல் நின்றிருக்கிறார்கள். பிறகு அவருக்கு மன்னிப்புக் கொடுத்து 2023 கடைசியில் வெளியே விட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மன்னிப்பு எங்களுக்கும் புதிது இல்லை. மிருசுவிலில் குழந்தை உட்பட 8 பேரைக் கொன்றதற்கு, உயர் நீதிமன்றம்வரை உறுதியான மரண தண்டனையோடு இருந்த இராணுவ ஆள் சுனில் ரத்நாயக்கவைக் கோட்டாபய 2020 மார்ச்சில் ஒரு கையெழுத்தில் வெளியே விட்டார். ஒரு ஜனாதிபதி போடும் இப்படியான கையெழுத்தும் அவர் இறங்கியபிறகு கேள்விக்கு வரவேண்டும்.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. எங்கள் வீடுகளில் இருந்தும் படிக்கிற பிள்ளைகளை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. கிடங்கு வெட்டி ஒளித்து வைத்த தாய்மார் எத்தனை பேர் என்று வன்னிச் சனத்துக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் பெரும்பாலும் உயிரோடு இல்லை. இருப்பவர்கள் தமிழர் என்பதற்காக விடக்கூடாது. கிழக்கின் முன்னாள் முதலமைச்சர் பிள்ளையானை, 2006 இல் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் காணாமல் போன விடயத்தில் 2025 ஏப்ரலில் கைது செய்தபோது, அது சரியான வேலை என்றுதான் நான் சொன்னேன். அந்த வழக்கும் ஒழுங்காக நடக்கட்டும்.

"பழசைக் கிளறி என்ன காணப்போறியள், பிள்ளைகளின்ர எதிர்காலத்தைப் பாருங்கோ" என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் யாரும் பழசைக் கிளறப் போகவில்லை. 2023 ஜூனில் குடிதண்ணீர்க் குழாய் போட வெட்டிய இடத்தில் எலும்பு வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்களை எடுத்தார்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போன இடத்திலேயே அது கிடக்கிறது, நாங்கள் எங்கே பார்க்காமல் போவது?

கடைசியாக, எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. எங்கள் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி கொலைக்கு வழக்குத் தொடுக்கக் கால எல்லை இல்லை. மற்றக் குற்றங்கள் பெரும்பாலானவற்றுக்கு 20 வருடம். 2009 மே மாதத்தில் இருந்து எண்ணிப் பாருங்கள், 2029 மே வருகிறது. ஜனாதிபதியாக இருந்தவருக்கு அந்த வருடங்கள் கழிபடும் என்று மேலே சொன்னேன். அப்போது செயலாளர்களாகவும் தளபதிகளாகவும் இருந்தவர்களுக்கு அந்தப் பதவிக்காக எதுவும் கழிபடாது, அவர்களின் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. காணாமல் ஆக்கியது இன்றும் தொடர்கிற குற்றம் என்று சட்டத்தரணிகள் வாதாடலாம், வாதாடத்தான் வேண்டும். ஆனால் அந்த வாதத்தை மட்டும் நம்பிக்கொண்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக்கூடாது.

மாமியின் கோப்பை நான் பார்த்திருக்கிறேன். ஆணைக்குழுக்களுக்கும் காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் கொடுத்த கடிதங்களின் பிரதிகள், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, மகனின் சாதாரண தரப் பரீட்சை அனுமதி அட்டை. மழையில் நனைந்து பாதி எழுத்து அழிந்துவிட்டது. போன கிழமை இரண்டு பேருமாக இருந்து ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தோம். அவன் போட்டிருந்த சேர்ட், பஸ்ஸின் நிறம், நேரம், வரிசையில் யார் யார் நின்றார்கள் என்று எனக்கும் அவருக்கும் நினைவில் இருப்பதைத் திகதியோடு எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கோப்பு இருந்தால் இந்த மாரி தொடங்கமுன் எடுத்துப் பாருங்கள். படம் எடுத்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்றை வெளிநாட்டில் இருக்கிற உறவுக்கு அனுப்புங்கள். கண்ணால் கண்டவர்கள் கண்டதை மட்டும், கேள்விப்பட்டதைச் சேர்க்காமல், எழுதி வையுங்கள். எழுத ஏலாத அம்மாக்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன், வந்து எழுதித் தருகிறேன்.