வெளியேற்றும் விளையாட்டு ஆங்கில வகுப்புக்கு வேண்டாம்

சிறு வகுப்பு மாணவர்களுக்கு விளையாட்டின் வழியே ஆங்கிலம் கற்பிக்கலாம் என்பதை இன்று ஏறக்குறைய எல்லோருமே ஏற்கிறோம். ஆனால் அந்த விளையாட்டில் எந்தக் குழந்தை எவ்வளவு நேரம் ஆங்கிலத்தைக் கேட்டது, எவ்வளவு பேசியது என்று யாரும் பார்ப்பதில்லை என்பதே என் வருத்தம்.

'சைமன் சேஸ்' விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். 'சைமன் சேஸ், டச் யுவர் நோஸ்' என்றால் மூக்கைத் தொட வேண்டும். 'சைமன் சேஸ்' என்று சொல்லாமல் கட்டளை வந்தால் அசையக் கூடாது. குழந்தை முதலில் கேட்டு, உடலால் செய்து காட்டட்டும், பேச்சு பிறகு வரட்டும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் முன்வைத்த கற்பித்தல் முறையோடு இது நன்கு பொருந்துகிறது. வாய் திறக்கவே தயங்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வழக்கமான விதிப்படி, தவறியவர் வெளியேற வேண்டும். அப்படி முதலில் வெளியேறுவது 'எல்போ' எது, 'ஷோல்டர்' எது என்று இன்னும் பிடிபடாத குழந்தைதான்; அந்தச் சொற்களை இன்னும் பலமுறை கேட்க வேண்டியதும் அதே குழந்தைதான். தவறினாலும் நின்ற இடத்திலேயே ஆட்டத்தைத் தொடரட்டும் என்று விதியை மாற்றினால் போதும், விளையாட்டின் சுவை ஒன்றும் குறைந்துவிடாது.

எழுத்துகளை ஊகித்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆட்டங்கள் எழுத்துக்கூட்டலுக்கு உதவலாம். பேச்சுக்கு அவற்றால் அதிகப் பயனில்லை.

நான் மிகவும் மதிப்பது, ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு படங்களை இருவரிடம் கொடுத்து, ஒருவர் படத்தை மற்றவர் பார்க்காமல் வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டைத்தான். 'இஸ் தேர் எ கேட் அண்டர் தி டேபிள்?' என்று கேட்கும் குழந்தைக்கு விடை உண்மையிலேயே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்கிறது. அதனால் ஒரே வாக்கிய அமைப்பைப் பத்து முறை சொன்னாலும் அதற்குச் சலிப்பு வருவதில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிப் பேசச் சொன்னால், நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒருவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இணை இணையாக விளையாடும்போதோ எந்த நேரத்திலும் வகுப்பில் பாதிப் பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். சத்தம் எழத்தான் செய்யும். அதை ஒழுங்கின்மை என்று எண்ணும் தலைமையாசிரியர்கள் ஒருமுறை அருகில் சென்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆர்வத்தில் பிள்ளைகள் தாய்மொழிக்கு மாறினால் தண்டிக்க வேண்டாம். தேவையான வாக்கியங்களை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதி வைத்தால் தாங்களே திரும்பி வருவார்கள். ஆட்டம் முடிந்ததும், தாம் கேட்ட கேள்விகளில் மூன்றை அவர்கள் ஏட்டில் எழுதட்டும். மறுநாள் எதை மீண்டும் சொல்லித்தர வேண்டும் என்பது அந்த மூன்று வரிகளிலிருந்தே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.