கலெக்டர் அறையில் தொங்கும் பலகை

கலெக்டர் அறைக்குள் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். சுவரில் ஒரு மரப்பலகை இருக்கும். அந்த மாவட்டத்தில் இதுவரை கலெக்டராக இருந்தவர்களின் பெயர், வந்த தேதி, போன தேதி. போன மாதம் மனுவோடு போனபோது அதைப் படித்துப் பார்த்தேன். மேலே இருக்கிற பழைய பெயர்களுக்கு நேரே மூன்று வருடம், நான்கு வருடம். கீழே வர வர ஒன்றரை வருடம், பதினோரு மாதம், ஒருவருக்கு வெறும் நான்கு மாதம்.

நான் கொண்டுபோனது எங்கள் ஊர் ஏரியின் வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்பு பற்றிய மனு. அதே மனு, மூன்றாவது கலெக்டர். முதலாமவர் நேரிலேயே வந்து வரப்பில் நடந்து பார்த்தார், சர்வேயரை வைத்து அளக்கச் சொன்னார். அளந்து கல் நடுவதற்குள் மாற்றல் வந்துவிட்டது. அடுத்தவர் ஃபைலைப் படித்து முடித்த நேரத்தில் அவருக்கும் வந்துவிட்டது.

ஆட்சிப்பணிச் சீர்திருத்தம் என்றாலே தேர்வு முறை, பயிற்சி, வெளியிலிருந்து நிபுணர்கள் என்றுதான் பேச்சு போகிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசின் 45 பதவிகளுக்கு வெளியாட்களை நேரடியாக நியமிக்கும் விளம்பரம் வந்தது. இடஒதுக்கீடு இல்லை என்று எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே வாபஸ் ஆனது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் யாரை எடுத்தாலும், அவரை ஒரே இரவில் தூக்கியடிக்கிற அதிகாரம் அப்படியே இருந்தால் என்ன மாறும்?

அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு இருப்பதால் ஒரு அதிகாரியை விசாரணை இல்லாமல் சுலபமாகப் பதவிநீக்கம் செய்ய முடியாது. மாற்றலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சட்டத்தின் பார்வையில் அது தண்டனையே இல்லை. ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை நடுவருடத்தில் மாற்றுகிற குடும்பத்துக்குத் தெரியும் அது என்ன என்று. ஹரியானாவின் ஐ.ஏ.எஸ். அதிகாரி அசோக் கெம்கா 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். 50-க்கும் மேற்பட்ட மாற்றல்களைப் பார்த்தவர் அவர். கூட வேலை பார்த்தவர்கள் அதிலிருந்து என்ன பாடம் படித்திருப்பார்கள்?

முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்ட 83 ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொடர்ந்த வழக்கில், 2013 அக்டோபர் 31-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், மாற்றலைப் பரிந்துரைக்க ஒரு வாரியம் வேண்டும், வாய்மொழி உத்தரவைப் பதிவு செய்ய வேண்டும். 2014 ஜனவரியில் மத்திய அரசு ஐ.ஏ.எஸ். விதியைத் திருத்தி, குறைந்தபட்சப் பதவிக்காலம் இரண்டு வருடம் என்று போட்டது. அதே விதியில், காரணத்தை எழுதி வைத்துவிட்டு வாரியத்தின் பரிந்துரையை நிராகரிக்கலாம் என்றும் இருக்கிறது. அந்தக் காரணம் நம் கண்ணில் படுகிறதா? வாய்மொழி உத்தரவை உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்பது இந்த அதிகாரிகளுக்கான 1968 நடத்தை விதிகளிலேயே உள்ளது. அப்புறம் ஏன் இன்னும் எல்லாம் போனிலேயே நடக்கிறது?

அமைச்சருக்கு அதிகாரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டு வாங்கி வந்தவர் அவர், கொள்கையை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேலை செய்யாத அதிகாரியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் வல்லபாய் படேல் பேசியதை நினைத்துப் பாருங்கள். தன் கருத்துக்கு எதிராகத் தன் செயலாளரே குறிப்பு எழுதலாம், அந்தச் சுதந்திரத்தை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். அன்று உள்துறை அமைச்சராக இருந்தவரே அவர்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இரண்டு வருடத்துக்குள் ஒரு கலெக்டரை மாற்றினால், வாரியம் என்ன சொன்னது, அரசு ஏன் மாற்றியது என்ற இரண்டையும் மாற்றல் ஆணையோடு சேர்த்தே இணையதளத்தில் போடுங்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு முதலமைச்சர் மனசு வைத்தால் நாளைக்கே செய்யலாம்.

மூன்றாவது கலெக்டர் மனுவை வாங்கிப் படித்தார், வாய்க்காலைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். மழைக்கு முன்னால் அவர் வந்துவிட வேண்டும்.