துணையோடு வா என்கிறார்கள், அவ்வளவுதான்

இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவைப் பற்றித்தான். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி எனக்கு வேண்டியவர்களே "சரியாத்தான் கேட்டிருக்கான்" என்று ஷேர் செய்திருப்பதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

அந்தத் தம்பி ஜப்பானில், மேலே பழைய பௌத்தக் கோயில் இருக்கும் மிதோகு மலையின் அடிவாரத்தில் நின்றுகொண்டு கத்துகிறார். இவ்வளவு செலவு செய்து வந்தவனைத் தனியாக வந்தான் என்று திருப்பி அனுப்புகிறார்களாம், வெளிநாட்டுக்காரன் என்பதால் அவமதிக்கிறார்களாம். பதிவு மேசையில் இருக்கும் அம்மா தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கேமரா அவர் முகத்துக்கு நேராகப் போகிறது. அதற்குக் கீழே ஆயிரம் சிரிப்பு.

தனியாக ஏறக் கூடாது என்பது ஜப்பான்காரர்களுக்கும் அதே விதிதான். அந்தச் சரிவில் விழுந்து செத்தவர்கள் உண்டு. ஒருவர் விழுந்தால் ஓடிவந்து சொல்ல இன்னொருவர் வேண்டும். துணையோடு வா என்கிறார்கள், அவ்வளவுதான்.

என்னையும் நிறுத்தினார்கள். குராயோஷி ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, காலையிலேயே போய் நின்றேன். தனியாகவா என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் முடியாது என்று கையைக் குறுக்கே வைத்துக் காட்டினார்கள். எனக்கும் கோபம் வந்தது. பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெரியவர் வந்தார், அவரும் தனி. அவருக்கும் அதே பதில்தான். திரும்பி என்னைப் பார்த்தார், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். எங்கள் இருவர் பெயரையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார்கள். என்னுடையது தேய்ந்துபோனது, ஆகாது என்றார்கள். வைக்கோல் கயிற்றால் பின்னிய செருப்பு வாங்கிக்கொண்டேன். அதைக் கட்டத் தெரியாமல் நான் திணற, பெரியவர் மண்டியிட்டு உட்கார்ந்து என் கணுக்காலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். என் அப்பா வயது இருக்கும். இதைத்தான் "செருப்பு விக்கிற தந்திரம்" என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருக்கிறார். நல்ல ஷூ போட்டு வருகிறவரை யாரும் வாங்கச் சொல்வதில்லை. இரும்பு முள் வைத்த ஷூவையும் அங்கே விடமாட்டார்கள், மரத்தின் வேர் காயப்படும் என்று. அந்த வேர்கள்தான் படிக்கட்டு. முதல் ஏற்றமே வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவதுதான். எத்தனையோ தலைமுறைக் கை பட்டு, எண்ணெய் தேய்த்தது போல வழவழப்பாக இருக்கிறது ஒவ்வொரு வேரும்.

அதற்கு மேலே இரும்புச் சங்கிலி. பருவதமலை ஏறினவர்களுக்குப் புரியும். சங்கிலிக்கு மேலே பௌத்தர்கள் வணங்கும் மஞ்சுஸ்ரீயின் மண்டபம், சுற்றிலும் கைப்பிடி இல்லாத மரத் திண்ணை, கீழே பள்ளம். கழுத்தில் போட்டுவிடும் பட்டையில் ஆறு புலன்களும் தூய்மையாகட்டும் என்று எழுதியிருக்கும். கண், காது, மூக்கு, நாக்கு, உடம்பு, ஆறாவதாக மனம்.

"தனியாகப் பயணம் செய்கிறவர்கள் என்னதான் செய்வது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். என்னைப் போல அடிவாரத்தில் காத்திருக்கலாம். யாருமே வராமலும் போகலாம், அது வலிக்கத்தான் செய்யும். சாலையோரத்தில் ஓரிடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் மேலே கோயில் தெரியும், அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் தரிசனம்தான். "உனக்கென்ன, ஜப்பான் மோகம்" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எழுதியவர் என்னைப் பதினைந்து வருடமாகத் தெரிந்தவர் என்பதுதான் தாங்கவில்லை.

அந்தக் கோயிலை 706இல் 'என் நோ கியோஜா' என்ற துறவி தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அதன் மண்டபம் ஒன்றை அடிவாரத்தில் கட்டி, மந்திர பலத்தால் செங்குத்துப் பாறைப் பொந்துக்குள் வீசினாராம். நகேய்ரே-தோ என்ற பெயருக்கே வீசி வைத்த மண்டபம் என்றுதான் பொருள். இப்போது நிற்கும் கட்டடத்துக்கு வயது ஏறக்குறைய 900. அதற்குள் யாரும் போக முடியாது, பணம் கொடுத்தாலும் முடியாது. அத்தனை ஏறி, எதிரே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதுவும் அந்த வீடியோக்காரருக்கு அநியாயமாகத்தான் பட்டிருக்கும்.

நகேய்ரே-தோவுக்குச் சற்று முன்னால் அவலோகிதர் என்ற போதிசத்துவரின் மண்டபம். அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்று வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல் சொல்கிறதே, அதே அவலோகிதர். மண்டபத்துக்குப் பின்னால் பாறைக்கும் சுவருக்கும் நடுவே இருட்டான இடுக்கு. தாயின் வயிற்றுக்குள் போய் வருவது என்பார்கள். பெரியவர் முன்னால் போனார். பாதியில் நின்று, பின்பக்கமாகக் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். வெளிச்சத்துக்கு வந்து ஒரு திருப்பம் திரும்பினால், செங்குத்துப் பாறையில் மெல்லிய மரக்கால்களை ஊன்றிக்கொண்டு நகேய்ரே-தோ நிற்கிறது. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. நான் அழுதுவிட்டேன், அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

தம்பி, இதை நீங்கள் படிப்பீர்களா தெரியாது. நவம்பரில் மறுபடி போகிறேன். டிசம்பர் வந்தால் பனிக்காகப் பாதையை மூடிவிடுவார்கள். உங்களுக்குத் துணைதானே வேண்டும், நான் வருகிறேன். கேமராவை மட்டும் கீழே வைத்துவிட்டு, முதலில் அந்த அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.