கரண்டியைக் கீழே வையுங்கள்

பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் கனத்த உள்ளுருண்டைதான் நியூட்ரான் விண்மீன். அதைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு தேக்கரண்டி வந்துவிடுகிறது. ஒரு கரண்டி அள்ளினால் நூறு கோடி டன்னுக்கு மேல் எடை, அடேங்கப்பா, லைக், ஷேர். கணக்கு சரிதான். ஆனால் பதிவு அங்கேயே முடிந்துவிடுகிறது. அள்ளிய சரக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று ஒருவரும் கேட்பதில்லை. இத்தனை கனத்தோடு அது உராய்வே இல்லாமல் ஓடும் என்பதல்லவா விசேஷம்!

இரண்டு நியூட்ரான்களை வெற்றிடத்தில் தனியாக விட்டால் ஒட்டாது. அணுக்கரு விசை இழுக்கத்தான் செய்கிறது, மயிரிழையில் பற்றாமல் போகிறது. அதே இரண்டையும் கூட்டத்துக்குள் விடுங்கள், ஜோடி சேர்ந்துவிடும். ஒரே நிலையில் இரண்டு நியூட்ரான்கள் இருக்கக் கூடாது என்பது பவுலி விதி. கீழ்நிலைகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், மேல்மட்டத்தில் நிற்பவற்றுக்குத் துளி இழுப்பு இருந்தாலும் ஜோடி சேர்வதே லாபம். எலக்ட்ரான்களுக்கு இதை 1956-ல் இயற்பியலாளர் கூப்பர் காட்டினார். நியூட்ரான் விண்மீனுக்குள்ளும் இப்படி ஜோடி சேர்ந்து உராய்வின்றி ஓடும் திரவம், அதாவது மீப்பாய்மம், இருக்கலாம் என்று 1959-ல் இயற்பியலாளர் மிக்தால் எழுதினார். முதல் பல்சர் (சுழன்றபடி சீராகத் துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்) கண்ணில் பட்டதே 1967-ல்தான்!

வெப்பம் ஜோடியை உடைக்காதா? விண்மீனின் திடமான மேலோட்டின் உட்பகுதியில் உடைக்க ஏறக்குறைய ஆயிரம் கோடி டிகிரி வேண்டும். வயதான விண்மீனின் உள்ளே இருப்பது பத்துக் கோடி டிகிரி அளவுதான். அந்த நியூட்ரான்களுக்கு அது கடுங்குளிர்.

சரி, சாட்சி? வேலா பல்சர் நொடிக்குப் பதினோரு முறை சுற்றுகிறது, மெல்ல மெல்ல வேகம் குறைந்துகொண்டே வருகிறது. 1969-ல் அது திடீரென்று வேகமெடுத்தது. சுற்றும் நேரம் 200 நானோநொடி அளவுக்குக் குறைந்தது. பார்த்தவர்களில் ஒருவர் வி. ராதாகிருஷ்ணன், சர் சி. வி. ராமனின் மகன். (இதைக்கூட யாரும் ஷேர் செய்வதில்லை.)

மீப்பாய்மம் மொத்தமாகச் சுழலாது. மெல்லிய சுழிகளாகப் பிரிந்துதான் சுழலும். வேலாவில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 70 ஆயிரம் சுழிகள். வேகம் குறைய வேண்டுமானால் அவை வெளிப்பக்கம் நகர வேண்டும், ஆனால் மேலோட்டின் அணுக்கருக்களில் சிக்கிக்கொள்கின்றன. ஓடு மெதுவாகிறது, உள்ளே திரவம் பழைய வேகத்திலேயே சுற்றுகிறது. ஒருநாள் சுழிகள் கூட்டமாகக் கழன்றுகொள்ள, மிச்ச வேகம் ஓட்டுக்குப் போய்விடுகிறது. 1975-ல் ஆண்டர்சன், இட்டோ என்ற இரு இயற்பியலாளர்கள் சொன்ன விளக்கம் இது. எனக்கு அதைவிட அழுத்தமான சாட்சி அதற்கு அப்புறம் நடப்பதுதான். இப்படித் திடீரென்று வேகமெடுக்கும் துள்ளலுக்குப் பிறகு பல்சர் பழைய போக்குக்குத் திரும்ப வாரங்கள், மாதங்கள் ஆகின்றன. சாதாரணத் திரவம் என்றால் ஓட்டோடு உரசிச் சட்டென்று அடங்கியிருக்கும்.

ஆக, மேலோட்டு மீப்பாய்மத்தை நான் தயங்காமல் நம்புகிறேன். மையப்பகுதி வேறு வழக்கு. அடர்த்தி ஏற ஏற நியூட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கி, பழைய வகை ஜோடி குலைந்துபோகும். அங்கே தற்சுழற்சி ஒரே பக்கம் பார்க்கும் வேறு வகை ஜோடி வேண்டும். காசியோப்பியா ஏ என்ற விண்மீன் வெடிப்பின் எச்சத்தில் உள்ள நியூட்ரான் விண்மீன் வேகமாகக் குளிர்வதாக 2010-ல் செய்தி வந்தது. மையத்தில் ஜோடி இப்போதுதான் உருவாகிறது, அப்போது எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோத் துகள்கள் வெப்பத்தை அள்ளிப் போகின்றன என்று 2011-ல் இரண்டு குழுக்கள் விளக்கின. அழகான விளக்கம். ஆனால் அளந்த கருவியின் உணர்திறன் மாறியதும் அந்தக் குளிர்ச்சியில் ஒரு பங்காக இருக்கலாம் என்று பின்னால் கேள்வி எழுந்தது. இதைப் போய் ‘நிரூபணமாகிவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

பொறுக்கவும் முடியாதபடி ஒரு சிக்கல் உண்டு. மேலோட்டு நியூட்ரான்களில் பெரும்பங்கை அணுக்கருச் சட்டகமே தன்னோடு இழுத்துக்கொண்டு போகும் என்கின்றன 2012-ஐ ஒட்டி வந்த கணக்குகள். அப்படியானால் வேலாவின் துள்ளல்களுக்கு மேலோட்டுத் திரவம் மட்டும் போதாது, மையமும் பங்கு தர வேண்டும். அங்கே ஜோடியின் பிணைப்பு எவ்வளவு என்று கேட்டாலோ, ஒருவர் கணக்கில் தாராளமாக வருகிறது, இன்னொருவர் கணக்கில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது.